துப்பறியும் கதை நம் ஊரில் நிற்பதில்லை

(இரண்டாமாண்டு, இளமறிவியல் – வேதியியல்)

1952 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட போட்மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி ஏறிற்று. மறுநாள் மானாமதுரையில் நாற்றம் பொறுக்காத பயணிகள் புகார் செய்ய, பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஓர் ஆணின் உடல். தமிழ்நாட்டையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு அதுதான். செத்தவர் முன்பு இராணுவத்தில் வேலை பார்த்தவர். இராணுவத்திடமிருந்த அவருடைய கைரேகைப் பதிவு, உடல் யாருடையது என்று நிலைநாட்ட உதவிற்று. 1953-இல் உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் வழக்கை நடத்திய நீதிபதி பஞ்சாபகேச ஐயர் கதைகளும் எழுதியவர் என்பது கூடுதல் வியப்பு.

இந்த வழக்கைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு சிறு எண்ணம் விடாமல் உறுத்திக்கொண்டேயிருக்கிறது. எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் வண்டி நம் திண்டிவனத்தைக் கடக்காமல் போக முடியாது. அந்தப் பெட்டி இரவில் நம் ஊரைக் கடந்துதான் போயிருக்கிறது! கொலை சென்னையில், கண்டுபிடிப்பு மானாமதுரையில், விசாரணை மறுபடியும் சென்னையில். நடுவில் கிடந்த நாமோ தூங்கிக்கொண்டிருந்தோம்.

தமிழின் துப்பறியும் கதைகளும் அந்தப் போட்மெயிலைப் போலத்தான் நம்மைக் கடந்து போகின்றன. நம் ஊர்களில் அவை நிற்பதில்லை. இதுவே என் குறை. குறையைச் சொல்வதோடு நில்லாமல் காரணத்தையும் ஆராய விரும்புகிறேன். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் சற்றே பொறுத்தருள வேண்டும்.

துப்பறியும் கதை நமக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே ஜே. ஆர். ரங்கராஜு இராஜாம்பாளை எழுதித் துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகம் செய்தார். ஆரணி குப்புசாமி முதலியார் மேனாட்டு நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்றொரு துப்பறிவாளரைப் படைத்தார். 1950-இல் அது மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தபோது எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு நடித்தார்.

இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. என் ஊர் மேல்சித்தாமூர். தமிழகத்துத் திகம்பர சமணர்களின் மடம் இருக்கும் ஊர். பார்சுவநாதர் கோயில் கோபுரம் எங்கள் வயலிலிருந்தே தெரியும். நயினார் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், "திகம்பர சாமியார் துப்பறிகிற படம் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன். "உடுத்த துணியே இல்லாதவர் எங்கேப்பா வேஷம் போடுவது?" என்றார் அவர். வடுவூராருக்கு இந்தக் கேள்வி எட்டியிருந்தால் பெயரை மாற்றியிருப்பாரோ என்னவோ!

பிறகு வந்தார் தமிழ்வாணன். சங்கர்லால் தேநீர் அருந்தியபடியே குற்றவாளியைப் பிடித்தார். பிறகு சுஜாதாவின் கணேஷும் வசந்தும். இவர்களைப் படித்துத்தான் எங்களில் பலர் வாசிக்கவே கற்றோம். அந்த நன்றி உண்டு. ஆனால் கதை நடப்பது பெரும்பாலும் சென்னையில்; தப்பினால் ஒரு ஜமீன் மாளிகையில், ஒரு மலைவாசத்தலத்தில். 'கரையெல்லாம் செண்பகப்பூ' கிராமத்துக்கு வந்தது உண்மை. அங்கும் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த பட்டணத்து இளைஞனின் கண்ணால்தான் ஊரைப் பார்க்கிறோம். 1954-இல் பாட்டே இல்லாமல் வெளிவந்து புதுமை செய்த 'அந்த நாள்' யுத்த காலத்தைப் பேசிற்று. அதுவும் 1943-இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்துக் கதை. சென்னையில் குண்டு விழுந்தால் கதை. யுத்தம் முடிந்தபின் திண்டிவனத்தில் அரிசி விழாததற்குக் கதை இல்லையா?

1945-க்கும் 1955-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் நம் வட்டாரம் எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அரிசிக்குக் கட்டுப்பாடு, துணிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. முதியவர்கள் இன்றும் 'கண்ட்ரோல் காலம்' என்றே அதைச் சொல்கிறார்கள். 1952 ஜூனில் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கும்வரை நெல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவே அனுமதிச் சீட்டு வேண்டும். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. ஆனால் கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் புதுச்சேரி! அங்கே சாராயத்துக்குத் தடையில்லை. 1949-இல் இந்தியாவோடு இருந்த சுங்க ஏற்பாடும் முறிந்தது. வேலியே இல்லாத எல்லை. இந்த வயல் இந்தியா, அடுத்த வயல் பிரான்சு. 1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரி நம்மோடு இணையும்வரை அந்த வரப்புகளில் இரவில் என்னென்ன நடந்திருக்கும்! கீழை நாட்டு யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள், 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள், வராமலே போனவர்களுக்காகத் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்த பெண்கள். ஒரு நாவலாசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மற்ற நாட்டார் இதை விட்டுவைக்கவில்லை. எங்கள் ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் இரவல் கொடுத்த ஜப்பானிய நாவல் ஒன்றை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து நாளில் ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். செய்ஷி யோகோமிசோ 1950, 51-ஆம் ஆண்டுகளில் தொடராக எழுதிய இனுகாமி குடும்பத்துக் கதை. தோக்கியோ இல்லை, ஏரிக்கரையில் ஒரு சிற்றூர். பட்டு வணிகத்தால் செல்வம் சேர்த்த குடும்பம். யுத்தம் முடிந்து பேரன் பர்மாவிலிருந்து திரும்புகிறான். முகம் சிதைந்துவிட்டதால் ரப்பர் முகமூடி அணிந்திருக்கிறான். வந்தவன் அவன்தானா? யுத்தத்துக்குப் போகுமுன் அவன் கோயிலில் காணிக்கையாகப் பதித்துவிட்டுப் போன கைரேகையோடு ஒப்பிடச் சொல்கிறார்கள். முடிவைச் சொல்லமாட்டேன், படித்துக்கொள்ளுங்கள். அதே பர்மாவிலிருந்து நம் ஊர்களுக்கும் ஆட்கள் திரும்பினார்கள் அல்லவா? அவர்களுள் யாருக்கு முகமூடி இருந்தது என்று நம்மில் எவரும் கேட்கவில்லையே என்ற ஆற்றாமைதான் புத்தகத்தை மூடும்போது மிஞ்சிற்று.

கைரேகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேனாட்டுக் கதையில் கைரேகை என்றால் அறிவியலின் வெற்றி. ஆளவந்தார் வழக்கிலும் அப்படியே. நம் மக்களுக்கோ 'ரேகைச் சட்டம்' என்றால் வேறு பொருள். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குத் தமிழ் மக்கள் வைத்த பெயர் அது. குற்றம் நடந்தபின் ரேகை தேடுவதன்று. பிறப்பைப் பார்த்து முன்கூட்டியே ரேகை உருட்டிக்கொள்வது. யார் செய்தது என்ற கேள்விக்கு, குற்றம் நடக்குமுன்பே விடை எழுதி வைத்துவிட்ட சட்டம். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அது ஒழிந்தது. ஏட்டிலிருந்து ஒழிந்தது. மனத்திலிருந்து?

துப்பறியும் கதை நம் ஊரில் நிற்காததன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். அந்தக் கதைக்கு ஆதாரமே ஐயம். பத்துப் பேரில் எவரும் குற்றவாளியாக இருக்கலாம் என்ற நியாயம் இருந்தால்தான் கதை ஓடும். சிற்றூரில் அந்த நியாயம் ஏது? பொருள் காணாமற்போன மறுநாழிகை எந்தத் தெருவுக்கு ஆள் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் அத்தியாயத்திலேயே முடிந்துபோகும் கதையை யார் எழுதுவார்கள்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு ஊரில் 'மூட்டை வீடு' என்று பெயர். சிறு வயதில், மூட்டை சுமந்து பிழைத்த குடும்பம் என்பதால் அந்தப் பெயர் என்று எண்ணியிருந்தேன். இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று டீக்கடையில் ஒரு முதியவர், "இன்னாது, மூட்ட வூட்டுப் புள்ள காலேஜுக்குப் போவுதா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டேன். நைனா கேட்காதே என்றார். ஆயா சொன்னாள்.

1951, பங்குனி மாதம். ஆயாவுக்கு அப்போது ஆறு வயது; வீட்டுக்கு ஒரே பெண். அவளுடைய தகப்பனார் கூலிக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். தை அறுவடையில் கொள்முதல் செய்த நெல் ஊரில் ஒரு கிடங்கில் இரண்டு மாதம் கிடந்தது. நாற்பது மூட்டை. நான்கு நடையாகத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே தராசில் போட்டார்கள். எண்ணிக்கை நாற்பது சரி. எடையில் இரண்டு மூட்டை குறைந்தது. அன்று மாலையே அவரை அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லை, வாக்குமூலம் இல்லை, காகிதம் ஒன்றுமில்லை. வலது கையை மட்டும் அதன்பின் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வண்டி போயிற்று, மாடு போயிற்று. பெயர் வந்தது. அவர் இறந்தபின்பும் அந்தப் பெயர் வீட்டைவிட்டுப் போகவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த என் தாத்தா அதைச் சுமந்தார். பள்ளியில் என் நைனா சுமந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது சொல்கிறார்.

"தச்ச தையலு பிரியல கண்ணு. அப்பிடியே இருந்துதுன்னு எங்கப்பாரு சாவற வரிக்கும் சொன்னாரு" என்றாள் ஆயா.

இந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. எண்ணிக்கை சரி, தையல் பிரியவில்லை, எடை மட்டும் குறைவு. சங்கர்லாலிடம் இந்த மூன்றையும் சொல்லியிருந்தால் இரண்டாவது கோப்பைத் தேநீருக்குள் விடை சொல்லியிருப்பார். நான் வேதியியல் மாணவன். எனக்கு ஒரு தை மாதம் தேவைப்பட்டது. அறுத்த அன்றே களத்திலிருந்து ஒரு பை ஈர நெல் கொண்டு வந்தேன். ஆய்வகத் தராசில் சரியாக 100 கிராம் நிறுத்து, தட்டில் பரப்பி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். அணில்களிடமிருந்து அதைக் காத்தது தனிக் கதை. மூன்றாம் நாள் நிறுத்தபோது 95 கிராம். ஒரு மணிகூடக் குறையவில்லை, நீர்தான் போயிற்று. புது நெல்லில் நூற்றுக்கு இருபது பங்கு அளவுக்கு ஈரம் இருக்கும் என்பதும், காய்ந்து பதினான்கு பங்குக்கு வந்தால்தான் அது கெடாமல் இருக்கும் என்பதும் வேளாண்மைத் துறையினர் அனைவரும் அறிந்தவை. சணல் சாக்கு காற்றோட்டமுள்ளது. உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளியேறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அன்றைய மணங்குக் கணக்கை விட்டு இன்றைய கிலோவில் சொல்கிறேன். மூட்டை 75 கிலோ என்றால் நாற்பது மூட்டைக்கு 3000 கிலோ. நூற்றுக்கு ஐந்து வீதம் 150 கிலோ. சரியாக இரண்டு மூட்டை!

திருடனே இல்லாத திருட்டாக இருக்கலாம் என்கிறேன். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். எழுபது ஆண்டுக்கு மேலான ஒரு கிழவியின் நினைவையும் 100 கிராம் நெல்லையும் வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. வரலாற்றுத் துறையிலும் இது செல்லாது, "ஆவணம் உண்டா?" என்று கேட்பார்கள். ஆவணம் இல்லாததுதானே குற்றம்! வழக்கு எழுதியிருந்தால் எடைச்சீட்டு இருந்திருக்கும். எடைச்சீட்டு இருந்திருந்தால் யாராவது ஒரு வக்கீல் ஈரத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். எழுதாமல் விட்டதால் விடுதலையும் எழுதப்படவில்லை. இப்படி ஏடேறாத வழக்குகளை மறுபடி திறக்க ஒரே ஓர் இடம் இருக்கிறது. அது கதை. அதனால்தான் பழைய காலத்துச் சிற்றூர்க் குற்றக்கதை வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். பொழுதுபோக்குக்காக மட்டுமன்று.

தமிழுக்கு இது புதுவழியும் அன்று. சமணத் துறவி இளங்கோவடிகள் இயற்றியதாகச் சொல்லப்படும் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் எதைச் சொல்கிறது? அரண்மனைச் சிலம்பு களவு போகிறது. திருடிய பொற்கொல்லனே ஊருக்குப் புதியவன் ஒருவனைக் காட்டிக் கொடுக்கிறான். விசாரணை இல்லை, கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான். திருடன் யார் என்று படிக்கும் நமக்கு முன்பே தெரியும். காப்பியத்துக்கு அதில் அக்கறை இல்லை. பழி சுமந்தவன் குற்றமற்றவன் என்று சபையில் காட்டுவதுதான் அதன் உயிர்நிலை. அதைக் காட்டியது சாபமா, கண்ணீரா? இல்லை; தடயம்! அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பை உடைத்தால் மாணிக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னமே ஒருவன் பார்த்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. திண்டிவனத்தில் அன்று ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி நெல்லைக் கடித்துப் பார்த்திருந்தால் போதும். நெல் காய்ந்திருக்கிறதா என்று பல்லில் கடித்துச் சொல்ல எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

என் அறை நண்பன் இதைப் படித்துவிட்டு, "கொலை இல்லாமல் துப்பறியும் கதையாடா? யார் வாங்குவான்?" என்றான். இன்னொருவன், "பழைய புண்ணைக் கிளறி என்ன பயன்? அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்களா?" என்றான். இரண்டாவது கேள்வி நியாயமானது. கெட்டவர் நல்லவர் பேச்சே இல்லை என்பதே என் விடை. எடை குறைந்ததற்கு யாரோ ஒருவர் மேலே பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் வண்டிக்காரர் இருந்தார். அந்த எடையாளருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நல்ல நாவலாசிரியர் அவருடைய பயத்தையும் எழுத வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை திரைப்படம் சொல்லிவிட்டது. நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து முதனை கிராமத்தில் 1993-இல் திருட்டுச் சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்ட இராஜாக்கண்ணு காவலில் இறந்தார். அவர் மனைவியும் அவருக்கு வழக்காடிய சந்துருவும் நடத்திய போராட்டத்தின்பின், 2006-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதைத் தழுவி 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை நாடே பார்த்தது. 'யார் எடுத்தது?' என்பதற்காகவா பார்த்தோம்? 'இவர் எங்கே போனார்?' என்ற அந்த ஒரு பெண்ணின் கேள்விக்காகப் பார்த்தோம். ஆனால் அங்கே வழக்கு இருந்தது, வழக்கறிஞர் இருந்தார். 1944-இல் நடந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கிய தியாகராஜ பாகவதருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்குமாவது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வழி இருந்தது. 1947-இல் விடுதலையும் கிடைத்தது. வண்டிக்காரருக்கு எந்தக் கவுன்சில்?

எனக்குக் கதை எழுத வராது, முயன்று பார்த்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் வண்டிக்காரர் நீளமாக வசனம் பேசத் தொடங்கிவிடுகிறார். அவர் பேசாதவர் என்று ஆயா சொல்கிறாள். தமிழ்த் துறையிலும் வரலாற்றுத் துறையிலும் எழுதத் தெரிந்த நண்பர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஓர் ஆயா இருப்பாள். எங்களைப் போல் முதல்முதலாகப் பட்டம் வாங்கப்போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்படியொரு பட்டப்பெயர் இருந்தால், அதன் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஈரப்பதம் போன்ற கணக்குகளுக்கு நான் உதவத் தயார்.

பொங்கல் விடுமுறையில் ஆயாவை உட்காரவைத்து 95 கிராம் கணக்கை விளக்கினேன். அவளுக்குக் கிராம் புரியவில்லை. காய்ந்தால் குறையும் என்றது உடனே புரிந்தது. "அது தெரிஞ்ச சேதிதானே" என்றாள். கொஞ்ச நேரம் முறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அன்னிக்கு எட போட்டவங்க யாராச்சும் உசுரோட இருக்காங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

இருக்க மாட்டார்கள் ஆயா என்றேன்.

"சரி, சோறு துன்னு" என்று எழுந்து போனாள்.